பேசாத அரை நிமிஷம்

கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பது அவளுடைய வழக்கம். பலகையில் கணக்கை எழுதுவாள், ஒருமுறை வாய்விட்டுப் படிப்பாள், "சொல்லுங்க பார்ப்போம்" என்பாள். அதோடு சரி. குறிப்புக் கொடுக்க மாட்டாள், "ம், யோசிங்க, யோசிங்க" என்று விரட்ட மாட்டாள், தொண்டையைக்கூடக் கனைக்க மாட்டாள். வகுப்பைப் பார்த்தபடி நிற்பாள். அவளுக்குப் பெரிய கண்கள். சும்மா பார்த்தாலே சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும். அதனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளுக்கு முறைப்பு டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். அது அவள் காதுக்கு வந்தபோது, "நான் முறைச்சாத்தான் உங்களுக்கு மூளை ஓடும்னா முறைச்சுட்டுப் போறேன். எனக்கென்ன நஷ்டம்?" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்கை எழுதினாள்.

இந்த வழக்கம் அவள் யோசித்துக் கண்டுபிடித்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் பேசிய பேச்சுக்கு அளவே கிடையாது. மணி அடித்ததும் தொடங்கினால் அடுத்த மணி வரைக்கும் குழாய் திறந்துவிட்ட மாதிரி கொட்டுவாள். கேள்வியும் அவளே, பதிலும் அவளே. பிள்ளைகள் தலையாட்டுவார்கள். பரீட்சைத் தாளைத் திருத்தும்போதுதான் அந்தத் தலையாட்டலின் லட்சணம் தெரியும். ஒரு மழைக்காலத்தில் தொண்டை கட்டி, குரல் சுத்தமாகப் போய்விட்டது. ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார் வைத்தியர். வேலை அப்போது நிரந்தரமாகவில்லை, லீவு கேட்டால் தலைமையாசிரியர் முகம் சுளிப்பார். வேறு வழியில்லாமல் வகுப்புக்குப் போனாள். கணக்கைப் பலகையில் எழுதினாள், பக்கத்தில் நின்றாள், பார்த்தாள்.

முதலில் வகுப்பு சந்தைக்கடை ஆனது. அதட்டக் குரல் இல்லை. முறைப்பதைத் தவிர அவளிடம் வேறு ஆயுதம் இல்லை. முறைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கியது. டீச்சர் பதில் சொல்லப் போவதில்லை என்பது உறைத்ததும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் முழுக்க வாயே திறக்காத ஒருத்தி, சுவரோரம் உட்காருகிறவள், எழுந்து நின்று பதிலைச் சொன்னாள். சரியான பதில். டீச்சருக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. இத்தனை நாளும் இவளைப் பேசவிடாமல் குறுக்கே நின்றது தன் வாய்தானா என்ற எரிச்சல். குரல் திரும்பி வந்தது. ஆனால் கேள்விக்குப் பிறகு அந்த அரை நிமிஷத்தை அவள் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

பின்னால் அந்தப் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடினார்கள். நிர்வாகம் கட்டடத்தை விற்றுவிட்டது. அங்கே இப்போது கார்களைக் கழுவித் துடைக்கிறார்கள். டீச்சர் வீட்டுக்கு வந்து நாலு நாள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாள். ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட வெள்ளைப் பலகை ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து படுக்கையறைச் சுவரில் மாட்டினாள்.

"இது என்ன, தூங்குற எடத்துல?" என்றார் அவள் கணவர். அவர் பஸ் ஓட்டுகிறவர். விடியற்காலை ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவர்.

"வீடியோ எடுக்கப் போறேன். பத்தாம் வகுப்புக் கணக்கு மொத்தமும்."

"அப்ப நான் எங்க தூங்குறது?"

"இங்கயேதான். கேமரா உங்க பக்கம் பாக்காது."

துணி தேய்க்கிற மேசையின் மேல் இரண்டு தலையணை, தலையணை மேல் பிஸ்கட் டப்பா, டப்பாவோடு சேர்த்து ரப்பர் பேண்டால் கட்டிய கைபேசி. அதுதான் அவளுடைய ஸ்டூடியோ. ஜன்னலைத் திறந்தால் பலகையில் வெளிச்சம் பளீரென்று அடித்து எழுத்து தெரியாது. மூடினால் இருட்டு. மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, அதன் முகத்தில் ஒரு வெள்ளை முந்தானைத் துண்டைக் கட்டினாள். மின்விசிறி போட்டால் காற்றுச் சத்தம் மைக்கில் புயலடிக்கிற மாதிரி விழும். ஆகவே விசிறி கிடையாது. வேர்த்து விறுவிறுத்து முக்கோணம் வரைவாள். அவள் மாமியார் அந்த நேரம் பார்த்துக் கதவுக்கு வெளியே நின்று, "உப்பு எங்க வெச்ச?" என்பார். "அத்தை, ரெக்கார்டிங்!" என்று இவள் கத்துவாள். "ரெக்கார்டிங்னா உப்பு வேணாமா?" என்று பதில் வரும். எல்லாம் பதிவாகும். முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.

வீடியோவிலும் அவள் பழக்கத்தை விடவில்லை. கேள்வி கேட்பாள், கேமராவைப் பார்த்தபடி நிற்பாள். எதிரில் ஒரு பிள்ளை இல்லை, இருப்பது பிஸ்கட் டப்பா. ஆனாலும் நிற்பாள். நிற்கிற நேரத்தில் நடிக்கவும் மாட்டாள். அந்தக் கணக்கைத் தானும் மனசுக்குள் மறுபடி போட்டுப் பார்ப்பாள். மூன்றாவது அத்தியாயத்தில் அப்படி அவள் நின்றபோது, அறை முழுக்க நிசப்தமாக இருந்த அந்த அரை நிமிஷத்தில், கட்டிலிலிருந்து ஒரு குறட்டை கிளம்பியது. சின்னக் குறட்டை இல்லை. பஸ் மேட்டில் ஏறுகிற சத்தம். அவளுக்கு மறுபடி எடுக்கத் தெம்பில்லை, அப்படியே இணையத்தில் போட்டுவிட்டாள். கீழே பிள்ளைகள் எழுதினார்கள்: "டீச்சர், அவருக்கு விடை தெரியலபோல." அந்த வீடியோவைத்தான் நிறையப் பேர் பார்த்தார்கள். கணவர் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அதற்குப் பிறகு, டீக்கடையில் யாரோ தன்னை முறைப்பு டீச்சர் வீட்டுக்காரர் என்று அடையாளம் கண்டுகொண்டார்கள் என்று பெருமையாக வந்து சொன்னார்.

அந்த வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்த்தவள் அவளுடைய நாத்தனார். கணவரின் தங்கை. முப்பது தாண்டியவள். கல்யாணத்துக்காக ஒன்பதாவதோடு அவள் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கல்யாணமும் சரியில்லாமல் போய், தாய் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். ஓர் ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கிற இடத்தில் தற்காலிக வேலை. பத்தாவது பாஸ் பண்ணினால்தான் நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள். மற்ற பாடமெல்லாம் தனியாக எழுதித் தேறிவிட்டாள். கணக்கு மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. வீட்டிலேயே டீச்சர் இருந்தும் நேரில் உட்கார்ந்து படிக்க அவளுக்குக் கூச்சம். "தப்பாச் சொன்னா உங்க முகத்தப் பாக்கணுமே அண்ணி" என்பாள். வீடியோ என்றால் முகம் பார்க்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைகிற நேரத்தில் மேசைக்கு அடியில் கைபேசியை வைத்துப் பார்ப்பாள். ஒருநாள் வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்குள் வந்தாள்.

"அண்ணி, நாலு மடங்கு!"

"என்னது நாலு மடங்கு?"

"சதுரத்தோட பக்கத்த ரெட்டிப்பாக்கினா பரப்பு என்ன ஆகும்னு கேட்டுட்டு முறைச்சிங்கல்ல. நானும் ரெண்டு மடங்குன்னுதான் நெனச்சேன். நீங்க பேசாம நிக்கறதப் பாத்ததும் சந்தேகம் வந்துடுச்சு. வீடியோவ நிறுத்திட்டு ஆஸ்பத்திரித் தரையில இருக்கிற டைல்ஸ எண்ணிப் பாத்தேன். ஒண்ணு, அப்புறம் நாலு. வரிசையில நின்னவங்க எல்லாம் என்னத்தைத் தொலைச்சேன்னு கேக்கறாங்க!"

அவள் சிரித்த சிரிப்பை டீச்சர் அதற்கு முன் அந்த முகத்தில் பார்த்ததில்லை. மாமியார் எதுவும் புரியாமல், "டைல்ஸ் உடைஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கம்பெனி வந்தது. பாடங்களை வீடியோவாக எடுத்துப் பிள்ளைகளின் கைபேசிக்கு அனுப்புகிற கம்பெனி. மரச்சாமான் கடை ஒன்றின் மாடியில் அலுவலகம். படியேறும்போது வார்னிஷ் வாடை மூக்கைத் துளைக்கும். மேலே போனால் குளிர். உள்ளே பச்சைத் துணி போர்த்திய சுவர், கண்ணைக் கூச வைக்கிற விளக்குகள், பேச வேண்டியது வரிவரியாக ஓடுகிற திரை. ஒரு பெண் வந்து முகத்தில் பவுடர் பூசி, "கண்ணுதான் மேம் உங்களுக்கு ஹைலைட்" என்றாள். மின்விசிறிச் சத்தம் இல்லை, உப்புச் சண்டை இல்லை, குறட்டை இல்லை. டீச்சருக்கு அந்த இடம் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

எல்லாவற்றுக்கும் தலைவர் ஓர் இளைஞர். விளையாட்டு வீரர் மாதிரி ஷூ போட்டிருப்பார், ஓடிப் பார்த்தவர் யாருமில்லை. வாயைத் திறந்தால் "எனர்ஜி மேம், எனர்ஜி!" என்பார். அலுவலகத்தில் அவர் பெயரே எனர்ஜி. எடுத்த வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவர் நடுவயதுக்காரர். கணினியைக் குனிந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து முன்னால் நீண்டுவிட்ட மனிதர். அவரைக் கத்தரி என்றார்கள். அவர் யாரோடும் அதிகம் பேச மாட்டார். பேசுகிறவர்களைத்தான் நாள் முழுக்க வெட்டுகிறாரே, அலுத்துப் போயிருக்கும்.

ஓராண்டு ஒப்பந்தம் போட்டார்கள். டீச்சர் வாரத்துக்கு மூன்று பாடம் எடுத்தாள். கேள்வி கேட்டு நின்றாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "சூப்பர் மேம்" என்றார் எனர்ஜி. தன் வீடியோவைத் தானே பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை; தன் கண்ணைப் பார்த்தால் தனக்கே பயமாக இருக்கிறது என்பாள். ஆகவே நடந்தது என்னவென்று மாதக்கணக்கில் அவளுக்குத் தெரியாமலே போனது.

சொன்னவள் நாத்தனார்தான். அதுவும் தானாக வந்து சொல்லவில்லை. அவள் கணக்குப் புத்தகத்தை எடுப்பதையே நிறுத்திவிட்டாள் என்று கவனித்து டீச்சர்தான் கேட்டாள். இருவரும் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் இப்பல்லாம் வீடியோ பாக்கறதில்லயா?"

"பாக்கறேன் அண்ணி."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்க மாட்டேங்கற?"

நாத்தனார் ஒரு போர்வையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் பிழிய இனித் தண்ணீர் இல்லை.

"கோச்சுக்காதீங்க. முன்ன நீங்க கேள்வி கேட்டா எனக்கு ஒரு இடம் இருந்துச்சு. இப்ப நீங்க கேக்கறீங்க, நீங்களே டக்குன்னு பதிலும் சொல்லிடறீங்க. நான் எதுக்கு அங்க? பாத்துட்டே இருக்கேன். எல்லாம் புரியற மாதிரியே இருக்கு. மூடி வெச்சுட்டு ஒரு கணக்கு போட்டா வரமாட்டேங்குது."

"நான் நிக்கறேனே. ஒவ்வொரு கேள்விக்கும் நிக்கறேன்."

"நிக்கல அண்ணி. வேணும்னா பாருங்க."

ஈரக்கையோடு கைபேசியை வாங்கிப் பார்த்தாள் டீச்சர். பலகையில் கேள்வி. "சொல்லுங்க பார்ப்போம்" என்கிறாள். உடனே ஒரு துள்ளல் சத்தம், பலகை மேல் ஒரு நட்சத்திரம் வெடிக்கிறது, அவளே பதிலைச் சொல்கிறாள். அடுத்த வீடியோவிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். அவள் நின்ற அரை நிமிஷங்கள் அத்தனையையும் வழித்து எடுத்துவிட்டிருந்தார்கள். அந்தப் பழைய காலத்து வாயாடி, கேள்வியும் தானே பதிலும் தானே என்று கொட்டுகிறவள், பவுடர் பூசிக்கொண்டு திரும்பி வந்திருந்தாள்.

அவளுக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது? வாளியை எட்டி உதைத்தாள். அது உருண்டு போய் மாடிச்சுவரில் மோதியது. "என் வாயில என்னைக் கேக்காம வார்த்தை வெச்சிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன்" என்றாள். "நான் வாய மூடினத எடுத்துட்டானுங்க." பிறகு நாத்தனாரைப் பார்த்து, "நீ புத்தகத்த மூடாத. நான் போய்ட்டு வர்றேன்" என்றாள்.

மறுநாள் காலையில் மரச்சாமான் கடையின் மாடிப்படியை அவள் ஏறிய வேகத்தில் கீழே வார்னிஷ் அடித்தவர் தலைதூக்கிப் பார்த்தார். எனர்ஜி அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"என் பாடத்துல நான் நிக்கற நேரத்த ஏன் வெட்டினீங்க?"

"மேம், அது டெட் ஏர். ஒண்ணுமே நடக்கலயே அங்க."

"அங்கதான் நடக்குது. மத்த எடத்துல நான்தான் நடக்கறேன், அங்கதான் பிள்ளைங்க நடக்கறாங்க."

எனர்ஜி பொறுமையானவர்தான். கணினித் திரையைத் திருப்பி ஒரு கோடு காட்டினார். அவள் ஆரம்பத்தில் எடுத்த பாடம் ஒன்றை, சோதனைக்காக, வெட்டாமல் கொஞ்சம் பேருக்கு அனுப்பியிருந்தார்கள். எந்த நொடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதுதான் அந்தக் கோடு. ஆரம்பத்தில் சமமாகப் போனது. அவள் நிற்கிற இடம் வந்ததும் மாடியிலிருந்து விழுந்த மாதிரி கீழே இறங்கியது.

"பாத்தீங்களா மேம்? பாதிப் பேர் ஓடிப் போய்டறாங்க. இன்னிக்குப் பசங்களுக்கு வேணும்கறது ஈடுபாடு. விரல ஒரு இழு இழுத்தா அடுத்த வீடியோல நாய்க்குட்டி டான்ஸ் ஆடுது. நாம நாய்க்குட்டியோட போட்டி போடறோம்."

அந்தக் கோடு அவளுக்கு வலித்தது. இல்லை என்று சொல்ல முடியாது. பொய்க் கோடு என்று சொல்லத் தோன்றியது, ஆனால் அது பொய் இல்லை என்று அவளுக்குத் தெரியும். வகுப்பிலும் இப்படித்தான், அவள் நிற்க ஆரம்பித்ததும் பாதிப் பேர் ஜன்னல் வழியாக ஓடிப்போவார்கள், உடம்பை மட்டும் பெஞ்சில் விட்டுவிட்டு.

"போகட்டும்" என்றாள். "மீதிப் பாதி என்ன பண்ணுச்சு?"

"அதை அளக்க முடியாது மேம்."

"அதத்தான் நான் சொல்லிக் குடுக்கறேன். நீங்க அளக்க முடிஞ்சத மட்டும் வெச்சுக்கிட்டு மத்தத வெட்டி எறியறீங்க. நாய்க்குட்டியோட நான் போட்டி போடல. அது நல்லா ஆடுது, ஆடட்டும். எனக்கு அது எதிரி இல்ல. யோசிக்கறவ முன்னால வந்து நின்னுக்கிட்டு டக்குன்னு பதிலச் சொல்றானே, அவன்தான் எனக்கு எதிரி."

மூலையில் கத்தரி குனிந்தபடியே இருந்தார். வெட்டுகிற வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

எனர்ஜி சமரசத்துக்கு வந்தார். அந்த இடத்தில் ஒரு கடிகாரம் ஓடவிடலாம், ஐந்து நொடி, டிக் டிக் என்று இசை, கூடவே ஒரு கார்ட்டூன் குரங்கு தலையைச் சொறியும். "குரங்கு ரொம்ப க்யூட்டா இருக்கும் மேம்" என்றார்.

"அஞ்சு நொடியில குரங்குதான் சொறிய முடியும். மனுஷன் யோசிக்க முடியாது."

அப்போதுதான் அவர் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு போனது. ஞாயிற்றுக்கிழமை நேரலை வகுப்பு இருக்கிறது என்று நினைவூட்டினார். பரீட்சைக்கு முன்னால் கம்பெனி நடத்துகிற பெரிய வகுப்பு, ஆயிரக்கணக்கில் பார்ப்பார்கள். பணம் போட்டவர்களும் பார்ப்பார்கள். அங்கே வெட்டுவதற்கு வழியில்லை. "அதனால தெளிவாவே சொல்லிடறேன் மேம். ஞாயித்துக்கிழமை நீங்க சும்மா நின்னீங்கன்னா அடுத்த வருஷ ஒப்பந்தம் கிடையாது. எனக்கும் மேல ஆள் இருக்காங்க."

"புரியுது" என்றாள் டீச்சர். புரிந்தது என்றுதான் சொன்னாள், சரி என்று சொல்லவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை.

வீட்டில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். கணவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். இந்த வேலை வந்த பிறகுதான் அவர் கூடுதல் ஷிஃப்ட் போவதை விட்டிருந்தார். முதுகுவலி குறைந்திருந்தது. வேலை போனால் மறுபடி அந்த ஷிஃப்ட்தான் என்பது இருவருக்கும் தெரியும்.

"அரை நிமிஷந்தானே, பேசிட்டுப் போயேன்" என்றார் கடைசியில். "என்கிட்டப் பேசறப்ப மட்டும் மூச்சு விடாமப் பேசறியே."

"உங்ககிட்டக் கேள்வி கேட்டுட்டுக் காத்திருந்தா குறட்டைதான வருது."

மாமியார் குறுக்கே வந்தார். "வேலை குடுத்தவன் பேசுன்னா பேசிட்டுப் போ. பேசறதுக்கு யாராவது யோசிப்பாங்களா? எனக்கு அந்த வேலைய குடுத்தா அள்ளி விட்டுடுவேன்."

"உங்களுக்குக் குடுத்தா அவன் ஆபீச மூடிட்டு ஓடிடுவான் அத்தை."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்காக இதெல்லாம் பண்ணாதீங்க அண்ணி" என்றாள் மெதுவாக. "நான் பெயிலானா பெயிலாய்ட்டுப் போறேன். புதுசா என்ன?"

டீச்சருக்கு அந்த வார்த்தைதான் தாங்கவில்லை. "உனக்காக மட்டும்னு யார் சொன்னா? எனக்காகவும்தான். ஊர்ல இருக்கற எல்லாரும் உனக்குப் பதில் சொல்லியே உன்னை இந்த நிலைமைக்குக் கொண்டாந்து விட்டிருக்காங்க. படிப்ப நிறுத்துன்னு ஒருத்தர், கட்டிக்கோன்னு ஒருத்தர், திரும்பி வந்துடுன்னு ஒருத்தர். உன்னை யாராவது கேள்வி கேட்டுட்டுக் காத்திருந்தாங்களா? நான் ஒருத்தி காத்திருந்தேன். அதையும் புடுங்கிட்டாங்க. நான் விடமாட்டேன்." கணவர் கழற்றிய பொத்தானை மறுபடி போட்டுக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் வாசலுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்டூடியோவில் வழக்கத்தைவிடக் குளிர். பவுடர் போடுகிற பெண் கூடுதலாக ஒரு பூச்சு பூசினாள். காதுக்குள் ஒரு கருவியைச் செருகினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எனர்ஜியின் குரல் அதில் வரும். அவர் பக்கத்தில் கத்தரி, சத்தத்தை ஏற்றி இறக்குகிற பொத்தான்களுக்கு முன்னால். டீச்சருக்கு எதிரில் ஒரு திரை. பிள்ளைகள் எழுதுவது அதில் ஓடும். மேல் மூலையில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண்.

நன்றாகத்தான் தொடங்கினாள். பேச வேண்டிய இடத்தில் பேச அவளுக்கு என்ன கஷ்டம்? வேகம், தூரம், நேரம் என்று மூன்றையும் கட்டங்கட்டமாக விளக்கினாள். ஒரு ஜோக்கூடச் சொன்னாள், பஸ் ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு தான் ஒருநாளும் பஸ்ஸை நேரத்துக்குப் பிடித்ததில்லை என்று. திரையில் சிரிப்பு முகங்கள் கொட்டின. எண் ஏறியது. "சூப்பர் மேம், இதான் மேம்" என்றது காது.

பிறகு பலகையில் எழுதினாள். வாய்விட்டுப் படித்தாள்.

"ஒரு பஸ். போறப்ப மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகம். அதே வழியில திரும்பி வர்றப்ப மணிக்கு நாப்பது. போய்ட்டு வந்த மொத்தப் பயணத்துக்கும் சராசரி வேகம் என்ன? சொல்லுங்க பார்ப்போம்."

எழுதுகோலை வைத்தாள். நின்றாள்.

ஐம்பது, ஐம்பது, ஐம்பது என்று திரை நிறைந்தது. "ஈஸி, அம்பது" என்று ஒருவன். "இதெல்லாம் ஒரு கேள்வியா" என்று இன்னொருவன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று தலையாட்டவில்லை, தப்பு என்று உதட்டைப் பிதுக்கவில்லை. பார்த்தாள். ஐம்பதுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன. "தூரம் எவ்வளவு டீச்சர்?" என்று ஒருத்தி. "வீடியோ நின்னுடுச்சா?" "நெட் போச்சு." "டீச்சர் ஹேங் ஆயிட்டாங்க." ஹேங் ஆகவில்லை என்று காட்டுவதற்காக அவள் ஒருமுறை நன்றாகக் கண்ணைச் சிமிட்டினாள்.

மேல் மூலையில் எண் இறங்கத் தொடங்கியது. கோடாகப் பார்த்தபோது வலித்ததைவிட இப்போது அதிகமாக வலித்தது. ஒவ்வோர் இறக்கமும் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. "மேம், பேசுங்க" என்றது காது. "மேம், ஆள் போறாங்க. ஏதாவது சொல்லுங்க. பதில சொல்லிடுங்க மேம்!" அவள் காதிலிருந்து அந்தக் கருவியை உருவி மேசையில் வைத்தாள்.

உடனே இசை கிளம்பியது. டிக் டிக் டிக் என்று துள்ளல் இசை. திரையின் ஓரத்தில் குரங்கு வந்து தலையைச் சொறிய ஆரம்பித்தது. டீச்சர் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். அந்தப் பெரிய கண்கள் இரண்டையும் முழுசாக விரித்தாள். இந்த முறை அது நிஜமான முறைப்பு.

"பாட்ட நிறுத்துங்க" என்றாள், ஆயிரக்கணக்கானவர்கள் கேட்க. "பிள்ளைங்க யோசிச்சுக்கிட்டு இருக்காங்க."

கண்ணாடிக்கு அப்பால் எனர்ஜி கையை ஆட்டி ஏதோ கத்தினார். கத்தரி அவரைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், நீண்ட கழுத்தை ஒருமுறை நிமிர்த்தினார். பொத்தானை இறக்கினார். இசை நின்றது. குரங்கும் போனது. எனர்ஜி இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து டீச்சருக்குக் காட்டினார். முடிந்தது என்று அர்த்தம். ஒப்பந்தம், குளிர் அறை, பவுடர், எல்லாம் முடிந்தது. அவளுக்கும் புரிந்தது. கணவரின் முதுகு ஞாபகம் வந்தது. ஆனாலும் பலகைப் பக்கம் திரும்பி, அந்தக் கணக்கைத் தானும் மனசுக்குள் போட ஆரம்பித்தாள்.

திரையில் வெகுநேரம் எதுவும் வரவில்லை. எண் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு ஒருத்தன் எழுதினான்: "அம்பது இல்லயோ?" அடுத்தது: "வர்றப்ப அதிக நேரம் ஆகுமே." இன்னொன்று: "இருங்க இருங்க." அவளுக்குத் தொண்டை வரைக்கும் பதில் வந்து நின்றது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. இருப்பவர்களையாவது பிடித்து வைத்துக்கொள்ளலாம். வாயைத் திறந்தாள்.

திரையில் ஒரு வரி வந்தது.

"சொல்லிடாதீங்க அண்ணி. இன்னும் கொஞ்சம் டைம் வேணும்."

ஆஸ்பத்திரியில் அந்த நேரத்தில் கூட்டம் இருக்கும். வரிசையைக் காக்க வைத்துவிட்டுத்தான் எழுதியிருப்பாள். கீழே உடனே இன்னொருவர்: "ஆமா, சொல்லாதீங்க." இன்னொருவர்: "கிட்ட வந்துட்டேன், சொல்லாதீங்க." யாரென்றே தெரியாத ஒரு பையன், முன்னால் வந்ததைப் பார்த்து, "அண்ணி ப்ளீஸ், சொல்லிடாதீங்க" என்று எழுதினான். அதற்குப் பிறகு எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். சொல்லாதீங்க, சொல்லாதீங்க என்று திரை மேலே மேலே ஓடியது.

"சொல்ல மாட்டேன்" என்றாள் டீச்சர். "டைம் எடுத்துக்கோங்க."

திறந்த வாயை மூடிக்கொண்டு மறுபடி நின்றாள்.